குலம் பூட்டிய எஞ்சின்

கடல் எஞ்சின் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். எண்ணெய் மாற்றுவதையும் வால்வு சரிபார்ப்பதையும் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் மறந்தால் போனைத் திறந்து பார்த்துக்கொள்வீர்கள். ஆகவே ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் பொறாமைக்காரன். தொழிலில் இருந்த காலம் முழுவதும் பொறாமைப்பட்டேன், ஓய்வு எடுத்த பிறகும் விட்டபாடில்லை. நீங்கள் கையில் வைத்திருக்கிற அந்தப் புது ஸ்பானர் பெட்டியைப் பார்த்தபோதுகூட எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது.

என் பொறாமைக்கு ஒரு பெயர் உண்டு. குலம். என்னைவிட வயதில் இளையவன். இருவரும் ஒரே பட்டறையில் தொழில் பழகினோம். பட்டறைப் பெரியவர் வாய் திறந்து பாராட்டுகிற ஆள் இல்லை. என் வேலையைப் பார்த்தால் "ம்" என்பார். குலத்தின் வேலையைப் பார்த்தால் "ம், சரி" என்பார். அந்தச் "சரி" இன்றுவரை எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

அந்தப் பெரியவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வேலைக்குப் போனாலும் முதலில் எஞ்சினைப் பார்க்க மாட்டார். கரையில் தூரத்தில் நின்று படகைப் பார்ப்பார். அது தண்ணீரில் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கிட்டப் போவார். எங்களுக்கு அது நேரத்தை வீணாக்குகிற வேலையாகத் தெரிந்தது. சொந்தமாகத் தொழில் செய்யத் தொடங்கிய பிறகு நாங்கள் இருவருமே அதை விட்டுவிட்டோம்.

தயாபரன் நோர்வேயில் இருந்து திரும்பி வந்து காரைநகரில் குடியேறியவர். வெள்ளைக்காரர் ஒருவர் திருகோணமலையில் விட்டுப்போன பாய்ப்படகு ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து, ஊர் பார்க்க வருகிறவர்களைத் தீவுப்பக்கம் ஏற்றிப் போய்க் காட்டிக்கொண்டிருந்தார். பாயில் ஓடுகிற படகு. துறைக்குள் வரவும் காற்று விழுந்த நேரத்தில் சமாளிக்கவும் உள்ளே ஒரு சின்ன டீசல் எஞ்சின் இருந்தது. அதைப் பல வருடமாகப் பார்த்து வந்தவன் நான். அது இருமினால் என்ன வருத்தம் என்று எனக்குத் தெரியும்.

தயாபரனின் மனைவி ரஞ்சினிக்கு மட்டும் நான் அந்த வளவுக்குள் வருவது பிடிக்காது. ஒருமுறை அவர்கள் முற்றத்து மாமரத்தைப் பார்த்து, இந்த வருடம் நல்ல காய்ப்பு என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமை அடித்த காற்றில் பிஞ்செல்லாம் கொட்டுண்டது. அதற்குப் பிறகு நான் வருகிறேன் என்றால் வெயிலில் காயப்போட்ட மிளகாயைக்கூட ஓடிவந்து மூடுவார். என் கண்ணும் நாக்கும் பொல்லாதவை என்று அவருக்கு முடிந்த முடிவு.

தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் ஒருநாள் தயாபரன் ஆட்களோடு தீவுக்குப் போய்த் திரும்புகையில் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. எஞ்சினை முழுவதும் முறுக்கியும் படகு நின்ற இடத்திலேயே நின்றது. இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அதுவரை ரஞ்சினி இறங்குதுறையில் அழுதுகொண்டு நின்றார். அடுத்த நாள் தயாபரன் என்னைக் கூப்பிட்டு, வலுக்கூடிய எஞ்சின் ஒன்று மாற்றித் தருவீர்களா என்று கேட்டார்.

நான் மாட்டேன் என்றேன். இப்படியான படகின் உடம்புக்கு ஒரு வேகம் இருக்கிறது, எத்தனை குதிரைவலு போட்டாலும் டீசலைக் குடிக்குமே தவிர அதற்கு மேல் ஓடாது என்று விளக்கினேன். நான் சொன்னது உண்மை. ஆனால் அவர் வேகம் கேட்கவில்லை. எதிர்க்காற்றில் வீட்டுக்கு வந்துசேருகிற பலத்தைக் கேட்டார். நான் அவர் கேட்காத கேள்விக்கு வடிவாக மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தேன். குலத்துக்கு அது உடனே விளங்கியிருக்கிறது. வேலை அவனிடம் போனது.

கொழும்பில் இருந்து லொறியில் எஞ்சின் வந்து இறங்கியது. பழையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வலு. அப்படியொரு எஞ்சினைப் புத்தம்புதிதாகப் பெட்டி பிரித்துப் படகில் பூட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எனக்கு வந்ததெல்லாம் மற்றவர் பாவித்துத் தேய்த்தவைதான். மேலே போர்த்தியிருந்த பொலித்தீனைக் குலம் கிழித்தபோது பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கைதட்டாத குறை. மாப்பிள்ளை அழைப்பில் நிற்கிறவன் மாதிரி அவன் நடுவில் நின்றான்.

அந்த நாட்களில் மீன் வாங்கப் போகிறேன் என்று தினமும் சைக்கிளை எடுப்பேன். படகைக் கரையேற்றி வைத்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வருவேன். எங்கள் வீட்டில் தின்று முடிக்க முடியாத அளவுக்கு மீன் சேர்ந்தது. நான் பார்க்கப் போனது குலத்தின் வேலையில் ஒரு குறை. ஒரு நட்டாவது சரிந்திருக்க வேண்டும், ஒரு குழாயாவது கோணலாக வளைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போவேன். ஒன்றும் இல்லை. பழைய எஞ்சின் இருந்த தளத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதியதன் பாரத்தையும் அதிர்வையும் தாங்குகிற மாதிரிப் புதுத் தளம் கட்டியிருந்தான். புறொப்பெல்லரைச் சுழற்றுகிற தண்டும் எஞ்சினும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று கரையில் பார்த்தது போதாதென்று, படகு தண்ணீரில் இறங்கிய பிறகும் ஒருமுறை பார்த்தான். நான் செய்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, கோபம் மட்டும்தான்.

முதல் வெள்ளோட்டத்தில் தயாபரனும் குலமும் மட்டும் போய் வந்தார்கள். புறொப்பெல்லர் சின்னது, எஞ்சினின் வலு தண்ணீரில் இறங்கவில்லை என்று கண்டு, வேறொன்று பூட்டுவதற்காகப் படகை மறுபடி கரையேற்றினார்கள். பூட்டி முடித்து இறக்கினார்கள். பிறகு நல்ல நாள் பார்த்து, தீவுக் கோயிலுக்குப் பொங்கப் போவதென்று முடிவாயிற்று. ரஞ்சினியின் பக்கத்துச் சொந்தக்காரர் சண்டிலிப்பாயிலும் உடுவிலிலும் இருந்து இரண்டு வான் வண்டி பிடித்து வந்து இறங்கினார்கள். தோட்டம் செய்கிற சனம். கடலைக் கரையில் நின்று கண்டதுதான் மிச்சம். பானை, விறகு, வாழைக்குலை, குழந்தைகள் என்று எல்லாவற்றையும் கொண்டு வந்திருந்தார்கள்.

என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நானாகவே போனேன். படகின் முன்பக்கத்தில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துத் தொங்கின. நீத்துப்பூசணிக்காய் உடைத்த துண்டுகள் துறையில் கிடந்தன. எல்லாம் என்னைப் போன்றவர்களின் கண்ணுக்காகச் செய்த பாதுகாப்பு. ரஞ்சினி என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பினார். கிட்டப் போகிற அளவுக்கு எனக்கு அங்கே மரியாதை இல்லாதபடியால் தூரத்தில் நின்று பார்த்தேன்.

தூரத்தில் நின்றபடியால்தான் அது கண்ணில் பட்டது. தண்ணீர் மட்டம் தெரிவதற்காகப் படகின் உடம்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு அடித்திருக்கும். அந்தக் கோடு பின்பக்கத்தில் மட்டும் புதுப் பெயின்றாக மினுங்கியது. பழைய கோட்டைப் பல வருடம் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. புதுக்கோடு பழையதைவிட நாலு விரல் மேலே இருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று உடனே விளங்கிவிட்டது. பெரிய எஞ்சின், அதற்குப் பெரிய டீசல் தாங்கி, பெரிய பற்றரி, எல்லாமே பின்பக்கத்தில். முதல் தடவை இறக்கியபோது பின்பக்கம் தாழ்ந்து, பழைய கோடு தண்ணீருக்குள் போயிருக்கிறது. பார்க்க வடிவில்லை என்று, கரையேற்றிய நேரத்தில் பெயின்ற் அடிக்கிறவர் கோட்டை உயர்த்தி அடித்துவிட்டார். அந்த நேரம் குலம் புறொப்பெல்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருப்பான். எஞ்சின்காரன் எஞ்சினைப் பார்த்தான், பெயின்ற்காரர் கோட்டைப் பார்த்தார். படகை ஒருவரும் பார்க்கவில்லை.

இனி இதன் ஆபத்தைச் சொல்கிறேன். அந்தப் படகின் பின்பக்கத்தில் ஆட்கள் இருக்கிற பள்ளம் ஒன்று உண்டு. அலை தெறித்து உள்ளே விழுகிற தண்ணீர் ஓடிப்போவதற்கு அதன் தரையில் இரண்டு ஓட்டைகள். அந்த ஓட்டைகள் கடல்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை தண்ணீர் வெளியே போகும். கீழே போனால் அதே வழியால் கடல் உள்ளே வரும். இரண்டு பேர் போன வெள்ளோட்டத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. இப்போது நிழல் அங்கேதான் இருக்கிறது என்று இரண்டு வான் சனமும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிக் குந்திக்கொண்டிருந்தது. அதோடு எஞ்சினை முறுக்கினால் இப்படியான படகுகளின் பின்பக்கம் இன்னும் தாழும். நடுக்கடலில் தண்ணீர் ஏறுகிறது என்று பயந்து வேகத்தைக் கூட்டினால், கூட்டக் கூட்ட ஏறும். பிறகு எஞ்சின் அறைக்குள் போகும், எஞ்சின் நிற்கும்.

ஒரு கணம் என் மனம் என்னைப் பேசாமல் நில் என்றது. போகட்டும், தொடை நனைந்து திரும்பி வரட்டும், குலத்தின் பெயர் ஊரெல்லாம் நாறட்டும் என்றது. அந்த நேரம் ஒரு பெண் தரையில் வைத்திருந்த பொங்கல் பானையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தரை ஈரம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். யாரோ கால் கழுவிய தண்ணீர் என்று அவர் நினைத்திருப்பார். அது யாரும் கால் கழுவிய தண்ணீர் இல்லை.

நான் ஓடிப்போய்க் குலத்திடம் சொன்னேன். அவன் எஞ்சினை இயக்கிவிட்டு மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதைப்போம் அண்ணை என்று நிமிராமலே சொன்னான். அத்தனை சனத்துக்கு முன்னால், அதுவும் என் வாயில் இருந்து தன் வேலையின் குறையைக் கேட்க அவனால் முடியாது. அவனுடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். ஆகவே தயாபரனிடம் போனேன். பின்பக்கம் பாரம், சனத்தை இறக்குங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

"அண்ணை, இண்டைக்கு ஒரு நாளாவது வாயாலை ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம்தானே" என்றார்.

தம்பி தங்கச்சிமாரே, இந்தத் தொழிலில் சரியானதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதைக் கேட்கிறவர்கள் நம்புகிற மாதிரிச் சொல்வது மற்றப் பாதி. உண்மையைச் சொல்கிற வாய் பொறாமைக்காரனின் வாயாக இருந்தால் அந்த உண்மை ஒரு சதத்துக்கும் உதவாது. என் எச்சரிக்கையை அங்கே ஒருவரும் நம்பப் போவதில்லை. ஆனால் அங்கே நின்ற ஒரேயொருவர் என்னை முழுமனதாக நம்பினார். என் கண்ணூறை நம்பினார். தயாபரன் கேட்டது நல்ல வார்த்தை. சரி, சொல்வோம் என்று நினைத்தேன்.

ரஞ்சினிக்கு நேரே போய் நின்றேன். துறையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"ரஞ்சினி, இப்பிடியொரு படகை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை. என்ன வடிவு, என்ன பலம். இவ்வளவு சனத்தை ஏத்தியும் ஒரு அசைவில்லாமல் நிக்குது பாருங்கோ. எல்லாரும் குடும்பம் குடும்பமாய் ஒரே படகிலை போறியள். உங்களுக்கு இனி ஒரு குறையும் வராது."

சொல்லிவிட்டு ஒவ்வொரு குழந்தையாக, ஆற அமரப் பார்த்தேன். கொழுகொழுவென்று இருந்த ஒன்றைப் பார்த்து, என்ன வடிவான பிள்ளை என்று வேறு சொன்னேன்.

ரஞ்சினியின் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாரும் இறங்குங்கோ. முதல்லை பிள்ளையளை இறக்குங்கோ" என்றார்.

தயாபரன் சமாதானம் சொல்லிப் பார்த்தார். நேரம் போகிறது என்றார். ரஞ்சினி கேட்கவில்லை. கண்ணூறு கழிக்காமல் இந்தப் படகு ஓர் அடி நகரக் கூடாது என்று நின்றார். சொந்தக்காரர்களுக்கும் என் கதை ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்க வேண்டும், மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள். கிழவர், குழந்தை, பானை, வாழைக்குலை எல்லாம் துறைக்கு வந்தன. கடைசி ஆள் கரையில் கால் வைத்ததும் படகின் பின்பக்கம் மெதுவாக எழும்பியது. பள்ளத்துத் தரையில் நின்ற தண்ணீர் அந்த இரண்டு ஓட்டைகளாலும் களக் களக் என்று சத்தம் போட்டுக்கொண்டு கடலுக்குள் திரும்பிப் போனது.

படகுக்குள் அப்போது குலம் மட்டும்தான் நின்றான். அந்த ஓட்டைகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். குனிந்து எஞ்சினை நிறுத்தினான். தயாபரனிடம் போய், இன்று இதில் போக வேண்டாம், பின்பக்கப் பாரத்தை நான் கவனிக்கவில்லை, பிழை என்னுடையது என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னான். அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அப்படிச் சொல்கிற நெஞ்சு எனக்கு இல்லை.

ஆனால் அவன் சொன்னதை ரஞ்சினி காதில் வாங்கவே இல்லை. செத்தல் மிளகாய், உப்பு, வேப்பிலை எல்லாம் சேர்த்துப் படகையும் சனத்தையும் சுற்றித் துறையில் நெருப்பில் போட்டார். மிளகாய் எரிகிற நெடி வராவிட்டால் கண்ணூறு இருந்தது என்று அர்த்தம். கடற்கரையில் அடித்த காற்றுக்கு நெடி எங்கே வரும். ஒருவரும் தும்மவில்லை. என் விஷயம் அந்த இடத்திலேயே தீர்ப்பாகிவிட்டது. சனம் அன்று வழக்கமான பயணிகள் படகில் ஏறிக் கோயிலுக்குப் போய்ப் பொங்கிவிட்டு வந்தது.

குலம் அடுத்த நாளே வேலையைத் தொடங்கினான். பற்றரிகளையும் டீசல் தாங்கியையும் நடுவுக்கும் முன்னுக்கும் கொண்டுபோனான். நங்கூரச் சங்கிலியை முன்பக்கத்து அறைக்கு மாற்றினான். பள்ளத்துத் தரையை உயர்த்தி, கடல் திரும்பி வர முடியாதபடி ஓட்டைகளுக்குத் தடுப்பு வைத்தான். எத்தனை பேர் எங்கே இருக்கலாம் என்று தயாபரனுக்குச் சொல்லிக்கொடுத்தான். சிவப்புக் கோட்டைச் சுரண்டிப் பழைய இடத்திலேயே அடிக்க வைத்தான். அடுத்த சோளகத்தில் அந்தப் படகு எதிர்க்காற்றை இடித்துக்கொண்டு, பொழுது இருக்கும்போதே துறைக்கு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பழைய எஞ்சினே போதும் என்று சொன்னவன் நான்தான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊரில் இன்று குலத்துக்கு நல்ல பெயர். புது எஞ்சின் என்றால் அவன்தான். எனக்கும் பெயர் இருக்கிறது. புதுப்படகு இறக்குகிற நாளில் எனக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் தெருவில் போனால் குழந்தைகளை உள்ளே இழுக்கிற வீடுகள் இருக்கின்றன. அன்று பார்த்த அந்தக் கொழுகொழுப் பிள்ளை அடுத்த மாதம் மெலிந்ததும் என் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று ரஞ்சினிக்கு விளக்க ஒருநாளும் போகவில்லை. போனால் அதற்கும் மிளகாய் சுற்றுவார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நீங்கள் ஒரு வேலையை முடித்தவுடன் அதை ஆசையோடு பார்ப்பீர்கள். ஆசையோடு பார்க்கிற கண்ணுக்குக் குறை தெரியாது. கூலி தருகிறவர் நம்பிக்கையோடு பார்ப்பார், அவருக்கும் தெரியாது. நீங்கள் கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்கிற ஒருவன் இருப்பான் அல்லவா, அவன் உங்கள் வேலையை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டு தூரத்தில் போய் நின்று ஒருமுறை பாருங்கள். உங்களால் அப்படிப் பார்க்க முடியாவிட்டால் அவனையே கூப்பிட்டுக் காட்டுங்கள்.

குலம் அப்படித்தான் செய்கிறான். ஊருக்குத் தெரியாது. புது எஞ்சின் ஒன்று பூட்டி முடித்தானென்றால், படகுக்காரர் வருவதற்கு முன்னால், விடியவே எனக்குப் போன் எடுப்பான்.

"அண்ணை, வேலை முடிஞ்சுது. ஒருக்கா வந்து பொறாமைப்பட்டிட்டுப் போங்கோ."

போன கிழமையும் எடுத்தான். மயிலிட்டியில் ஒரு பாய்ப்படகு, தயாபரனுடையதைவிடப் பெரிய எஞ்சின். தூரத்தில் நின்று பார்த்தேன், கிட்டப் போய்ப் பார்த்தேன், உள்ளே இறங்கிப் படுத்திருந்து பார்த்தேன். அவன் துறையில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குறையும் இல்லை. "ம்" என்றேன். அவன் போகவில்லை. இன்னும் என்னைப் பார்த்தபடி நின்றான்.

"சரி" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.